இரவல் குரல்

எங்கள் வீட்டுப் பொட்டி முதலில் கற்றுக்கொண்டது என் கணவரின் இருமலைத்தான்.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் வீடுகள் சேர்ந்தாற்போல் இருக்காது. அவரவர் காட்டுக்கு நடுவில் அவரவர் வீடு. சுற்றிலும் கிளுவை வேலி, மேய்ச்சல் நிலம், பனை. அடுத்த வீடு கூப்பிடு தூரம். திருட வருகிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? நாய் வளர்த்தோம், கறித்துண்டில் மருந்து வைத்தார்கள். கேமரா மாட்டினோம், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கேமராவையும் கழற்றிப் போனார்கள். ஆள் இருக்கிற வீட்டுக்குள் மட்டும் பகலில் யாரும் நுழையவில்லை. அதைக் கவனித்து ஒரு கம்பெனி இந்தப் பொட்டியைச் செய்தது.

மாட்ட வந்த பெண்ணின் பெயர் தில்ஷாத். ஏணியில் நின்றபடியே விளக்கினாள்.

"வீட்டுல யார் பேசினாலும் இது கேட்டுக்கிட்டே இருக்கும்மா. நீங்க பூட்டிட்டுக் கிளம்பினதும் பேச ஆரம்பிக்கும். உங்க குரல், ஐயா குரல், பாத்திரம் உருளுற சத்தம், எல்லாம் வரும். வெளிய நிக்கிறவனுக்கு உள்ள ஆள் நடமாடுற மாதிரியே இருக்கும்."

"நாங்க பேசினதையே திரும்பப் போடுமா?" என்று கேட்டேன்.

"அப்படிப் போட்டா ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருவாங்களே. இது குரலை மட்டும் எடுத்துக்கும். பேச்சை அதுவே ஜோடிக்கும். தினமும் புதுசு."

என் கணவர் செங்கோடன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனம்மணி, பொட்டிக்குள்ள இருக்கற செங்கோடனாவது இவகிட்டப் பேசி ஜெயிப்பானா?"

தில்ஷாத் சிரித்ததில் திருகாணியைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த வருடமே எங்கள் வட்டாரத்தில் எல்லாத் தோட்டத்து வீடுகளுக்கும் பொட்டி வந்துவிட்டது. திருட்டு குறைந்ததும் உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. அது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டால் அங்கே ஆள் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. சண்டை போடும் குரலா, திட்டும் குரலா, "யார்றா அது?" என்று அதட்டும் குரலா, எது கேட்டாலும் "பொட்டி பேசுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போவதாக இருந்தோம். ஊருக்கே தெரியும். அன்று காலை மாடு கன்று போடுகிற நிலையில் படுத்துவிட்டது. "நீ போ புள்ள, நான் கன்னு விழுந்ததும் பஸ்ஸேறி வாரேன்" என்றார். வீட்டில் இருந்த நகையெல்லாம் என் கழுத்திலும் கையிலும் ஏறிப் போயிற்று.

நான் திரும்பி வந்தபோது மாட்டுக் கொட்டகையில் கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. அவர் உள்ளே நடையில் கிடந்தார். பின்மண்டையில் கடப்பாரை அடி. பீரோவை உடைத்திருந்தார்கள். போனது ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழும் காமாட்சி விளக்கும்.

அடுத்த தோட்டத்து ருக்குமணி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணன் கத்துனது கேட்டுச்சுங்க்கா. நல்லாக் கேட்டுச்சு. நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிட்டீங்க, பொட்டி கத்துதுன்னு நெனச்சுட்டனே."

அவள் மட்டும் இல்லை. சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டிருந்தது.

எழவு வீட்டில் சொந்தங்கள் நிறைந்து கிடந்தபோது, நான் கொட்டகைப் பக்கம் போன நேரத்தில், பொட்டி என்ன நினைத்ததோ, இருமியது. அவருடைய இருமல். பிறகு "காப்பி ஆச்சா?" என்றது. அவர் உடம்பு கூடத்தில் கிடக்கிறது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். யாரோ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்கள். காரியம் முடிந்து சொந்தங்கள் கலையும்வரை அது பிடுங்கியபடியே கிடந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் தம்பி மகன் பூபதிதான் கொள்ளி வைத்தான். வண்டித்தடத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்று வருடங்கள் ஆகியிருந்தன. பூபதி கல்யாணம் ஆன பிறகு எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் சாவு என்றால் பங்காளி வந்துதான் ஆக வேண்டும். வந்தான். மொட்டை அடித்துக்கொண்டான். கொள்ளிக்குடம் சுமந்தான். என் காலில் விழுந்து எழுந்தான். காரியம் முடியும்வரை என் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக் கிடந்தான். நான் கண் கலங்கி, "நீயாச்சும் இருக்கறயே சாமி" என்றுகூடச் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு ஒயரைத் திரும்ப மாட்டினேன். அவர் குரலைக் கேட்க எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் நான் வீட்டில் இருந்தால் பொட்டி பேசாது. அதனால் சாயங்காலம் ஆனதும் என் வீட்டை நானே பூட்டிக்கொண்டு கொட்டகையில் போய் உட்காருவேன். கன்று என் சேலையைச் சப்பிக்கொண்டிருக்கும். உள்ளே அவரும் நானும் பேசிக்கொண்டிருப்போம். "ஏம்புள்ள, மோட்டார நிறுத்துனியா?" என்பார். "அதெல்லாம் எப்பவோ ஆச்சு" என்பேன். நான் எவ்வளவு சலித்துக்கொண்டு பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் மூன்றாவது குரல் வந்தது.

"மழை வருமாட்டம் இருக்குது" என்றார் அவர்.

"வந்தா நல்லதுதானுங்க பெரியப்பா" என்றான் பூபதி.

முதலில் பூபதிதான் வந்திருக்கிறான் என்று எழுந்து போனேன். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்றைப் பற்றி, பனங்கிழங்கைப் பற்றி. நடுவில் இருமலும் இருந்தது. பூட்டைப் பிடித்தபடி நின்றேன். சாவுக்கு அவன் வந்து சேரும் முன்பே ஒயரைப் பிடுங்கியாயிற்று; காரியம் முடியும்வரை அப்படியேதான் கிடந்தது. அதற்கு முன்னால் அவன் வருடக்கணக்காக இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. பொட்டி அவன் குரலைக் கேட்டிருக்கக்கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான்.

தில்ஷாத்தை வரச் சொன்னேன். அவளும் என்னோடு கொட்டகையில் உட்கார்ந்து கேட்டாள்.

"அந்த வீட்டுல பேசின குரலைத்தாம்மா அது எடுக்கும். யார் வீட்டாள், யார் வெளியாள்னு அதுக்குத் தெரியாது. அவரையும் குடும்பத்துல ஒருத்தராச் சேர்த்துக்கிச்சு."

"அன்னைக்கு என்ன பேசுனாங்கன்னு எடுக்க முடியுமா கண்ணு?"

"பேச்சை வச்சுக்காதும்மா. குரல் மட்டும்தான்."

"அப்ப அவன் குரல மட்டும் எடுத்துப் போட்டுரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாக் குரலும் ஒண்ணோட ஒண்ணு பேசிப் பழகி, பின்னிக் கிடக்குதும்மா. ஒண்ணை மட்டும் உருவ முடியாது. அழிச்சா ஐயாவும் போயிருவாரு."

இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அம்மா, அது கதை கட்டுற மெஷின். நாளைக்கு என் குரல்லகூடப் பேசும். இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனா சிரிப்பாங்க. அந்தப் பையன் காரியத்தப்போ உங்க வீட்டுலயேதான் இருந்திருக்கான்."

"அப்ப ஒயரு பிடுங்கிக் கெடந்துச்சுங்க."

"அது நீங்க சொல்றதுதானே?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் என் கணவரும் அவரைக் கொன்றவனும் என் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊர்நியாயம் பேசினார்கள். ஒருநாள் பூபதி ஏதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாணம் அள்ளுகிற மண்வெட்டி பக்கத்தில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக அவன் தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று பலமுறை எழுந்திருக்கிறேன். போகவில்லை. மண்வெட்டியில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கம்பெனியில் ஒரு புதுத் திட்டம் வந்தது. தனியாக இருக்கும் பெண்களின் வீட்டுப் பொட்டியில் ஆம்பளைக் குரல் இருக்காது. பெண் குரல் மட்டும் கேட்கிற வீடு, திருடனுக்கு அழைப்பு வைத்த மாதிரி. அதனால் ஒரு வீட்டுக் குரலை இன்னொரு வீட்டுக்கு இரவலாகக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும்.

தில்ஷாத்துக்குப் போன் செய்தேன். "எங்கூட்டுக் கொரல எத்தனை பேருக்கு வேணும்னாலும் குடு கண்ணு."

"ஐயா குரலையாம்மா?"

"இல்ல. எங்கூட்டுப் பையன் கொரலு. கொள்ளி வெச்சவன்."

"ஒண்ணை மட்டும் உருவத்தான் முடியாது. நகல் எடுக்க முடியும்" என்றாள். பிறகு, "சரிம்மா" என்றாள். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை.

வைகாசி முடிவதற்குள் பூபதியின் குரல் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. எந்த வேலியோரம் நடந்தாலும் அவன் பேசினான், அதட்டினான், மாட்டை ஓட்டினான். டீக்கடையில் பையன்கள் அவனைப் பிய்த்து எடுத்தார்கள். "என்ன மாப்ள, நேத்துக் கருப்பாத்தா ஊட்டுல இருந்தயாட்ட? அதுக்கு முந்தா நாள் பழனாத்தா ஊட்டுல! உடம்பு என்னத்துக்கு ஆகும்?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் முதலில் சிரித்தான். பிறகு டீக்கடைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு வேலியோரம் நடக்காமல் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனான். தன் வீட்டுப் பொட்டியைக் கழற்றிக் கிணற்றில் எறிந்தான் என்று ருக்குமணி சொன்னாள்.

ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றான். மெலிந்திருந்தான். கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"பெரியம்மா, என் கொரல எடுத்துரச் சொல்லுங்க. தூங்க முடியலீங்க. நான் பேசறேனா, அது பேசுதான்னு எனக்கே தெரியலீங்க."

"ஏஞ்சாமி, ஒத்தையா இருக்கற பொம்பளைகளுக்குக் காவலா இருக்குது. புண்ணியந்தான?"

"எங்கொரலு எப்படீங்க உங்க பொட்டில வந்துச்சு?"

"அத நீதான் சொல்லோணும்."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினான். குடிக்காமல் சொம்பை வைத்துவிட்டுப் போனான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காற்று அள்ளி வீசியது. காலையிலிருந்தே எங்கோ பூபதி கத்திக்கொண்டிருந்தான். நான் ஆடுகளை மேயவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் அவன் குரல்தானே. உச்சி வெயில் தாண்டிய பிறகு எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. குரல் கம்மிக்கொண்டே வந்தது. பொட்டி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தும், ஆனால் அதற்குத் தொண்டை கட்டாது.

எழுந்து அவன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனேன். மோட்டார்க் குழாயைச் சரிசெய்ய இறங்கியிருக்கிறான். பழைய கல்படி பெயர்ந்து, ஆள் உள்ளே. ஒரு கால் திரும்பிக் கிடந்தது. குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தொங்கினான். மேலே பார்த்தவன் அழுதுவிட்டான்.

"பெரியம்மா! காலு ஒடஞ்சு போச்சுங்க. அந்த மோட்டார் ரூமுல கயிறு இருக்குது, எடுத்துப் போடுங்க. யாராச்சும் கூப்பிடுங்க."

நான் கிணற்றுமேட்டில் உட்கார்ந்தேன்.

"உங்க பெரியப்பாவும் இப்படித்தான் கத்துனாராட்ட கண்ணு."

அவன் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்லிக் கத்துனாரு?"

"கயிறு போடுங்க பெரியம்மா."

"சொல்லு, போடறேன்."

"நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிட்டீங்கன்னுதான் வந்தனுங்க. சத்தம் கேட்டுச்சு, பொட்டின்னு நெனச்சேன். கதவத் தொறந்தா நடைல நிக்கறாரு." மூச்சு வாங்கினான். "பூபதின்னாரு. என்ன சாமி வேணும், எதுனாலும் எடுத்துட்டுப் போன்னாரு."

"அப்பறம் ஏன்டா?"

"பேரச் சொல்லிட்டாருங்களே."

அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கன்று விழுந்த சந்தோஷத்தில் இருந்திருப்பார். பகையாளி மகன் வீடு தேடி வந்துவிட்டான் என்றுகூட நினைத்திருப்பார்.

வேலிக்கு அந்தப்புறம் ருக்குமணி தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். "அக்கா! இந்தப் பொட்டிக்கு இன்னைக்கு என்ன கேடு வந்துச்சுங்க? காலைலருந்து பூபதி கொரல்லயே கத்துது. எந்தூட்டுதுன்னே தெரியல, காது போகுது."

கீழே அவன் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தான். கத்தக்கூட மறந்துவிட்டான்.

"எங்கூட்டுதுதான் ருக்கு. நீ போ, நான் போய்ப் பாக்கறேன்."

அவள் போனாள். அவன் மறுபடி கத்த ஆரம்பித்தான். நான் எழுந்து ஆடுகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவன் குரல் வந்தது. சில வீடுகளிலிருந்தும், கிணற்றிலிருந்தும். பொழுது சாயும்போது ஒன்று மட்டும் நின்றிருந்தது.

அவன் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி மேகலா என் வீட்டுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டில்லாமல் அவளைப் பார்க்கச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"அத்தை, பாப்பா பொழுதானா வேலிக்கிட்டப் போய் நின்னுக்குதுங்க. அப்பன் உங்கூட்டுலதான் இருக்கறான்னு சொல்லுது. மத்த ஊட்டுல எல்லாம் கேட்டுப் பாத்தேன், இரவல் கொரலுதானுங்களே, எடுத்துட்டாங்க. உங்கூடு ஒண்ணுதானுங்க பாக்கி."

"எடுத்தா எல்லாக் கொரலும் போயிரும் மேகலா. உங்க மாமனும் போயிருவாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப வேண்டாமுங்க அத்தை. இருக்கட்டும்." எழுந்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பாமலே பேசினாள்.

"அன்னைக்கு அவரு சட்டையத் தொவைச்சது நாந்தானுங்க. கெடாக்கறி வெட்டுனேன்னாரு. மறுநா உங்க எழவுச் சேதி வந்துச்சு. வாயத் தொறந்தா நீயும் அங்கதான் போவேன்னாரு."

நான் அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தேன்.

"கெணத்துல கத்துனப்ப நான் ஊட்லதானுங்க இருந்தேன். அந்தத் தொண்டைல இத்தனை வருசம் திட்டு வாங்குனவளுக்கு எது பொட்டி, எது ஆளுன்னு தெரியாதுங்களா? டிவியச் சத்தமா வெச்சுட்டு மாவாட்டிட்டு இருந்தேன். நீங்க வந்துட்டுப் போனதையும் பாத்தேன்."

அவள் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. என் கணவரின் ரத்தத்தை அலசி ஊற்றிவிட்டு என் வீட்டு எழவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள். அது போதாதென்று, நான் தனியாக வளர்த்து வைத்திருந்த பழியில் பாதியையும் எடுத்துக்கொண்டு போகிறாள். வேலிக்கு அப்பால் அந்தக் குழந்தை அவள் இடுப்பில் ஏறிக்கொண்டு எங்கள் வீட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

சாயங்காலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன். அவர் இருமினார். பூபதி ஏதோ கேட்டான். அவர் பதில் சொன்னார். பொறுமையாக, நல்லதாக, அவன் பெயரைச் சொல்லியே பதில் சொன்னார். கடைசிவரை அவர் அவனுக்கு நல்லவராகவே இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய், எல்லாக் குரலையும் அழிக்க தில்ஷாத் சொல்லிக் கொடுத்திருந்த பித்தானை அழுத்தினேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றார்கள்.

மறுநாள் பொழுது இறங்கும்போது என் வாசலில் காலடிச் சத்தம். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. ருக்குமணி முன்னால் ஓடி வந்தாள். அவள் புருசன் கையில் அரிவாள். கருப்பாத்தா, பழனாத்தா, டீக்கடைப் பையன்கள் எல்லோருக்கும் மூச்சு இரைத்தது. சிலர் செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தார்கள்.

"அக்கா! நல்லாத்தான இருக்கறீங்க? என்னாச்சுங்க?" ருக்குமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்துப் பொழுதுலருந்து உங்கூட்டுல சத்தமே இல்லீங்களே. பயந்தே போயிட்டோம்."

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்று அவர் கத்தியதைக் கேட்டவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். யாரும் விடுபடவில்லை.

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர்களை, எதிரியாகவே இருந்தாலும், "வாங்க" என்று சொல்லாமல் விடமாட்டோம். நான் சொல்லவில்லை. ருக்குமணியின் கையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.